கபனோவில் ஆறு வருடம் கிடந்த சபோக்கள்

இது நடந்தது 2006இலா 2007இலா என்று இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை. அந்த ஆண்டு கந்தசட்டி விரதம் நவம்பர் நடுவில் வந்தது என்று கிருபானந்தனின் மனைவி அஜந்தா சொன்னதாக ஞாபகம்; அப்படியானால் 2007 ஆகத்தான் இருக்க வேண்டும். அவர்களுடைய சிநேகிதர் விமலநாதன் 2006 என்று அடித்துச் சொல்வார். கிருபானந்தனிடம் கேட்டால், "எந்த வருசமெண்டால் என்ன" என்று சொல்லிவிடுவார். மூன்று பேரும் வெவ்வேறு நாட்களில் சொன்னதைக் கோத்துப் பார்க்கிறபோது, ஒருவருடைய வார்த்தை இன்னொருவர் வாயில் ஏறியிருக்கக்கூடும். மான் விஷயத்திலும் பிளாஸ்டிக் விஷயத்திலும் மட்டும் மூவருடைய கதையும் ஒத்துப்போகிறது. கண் விஷயத்தில், கிருபானந்தன் சொன்னதைத்தான் நம்ப வேண்டும்.

கிருபானந்தனுக்கு அப்போது ஐம்பத்துமூன்று வயது. லாசாலில் ஒரு பிளாஸ்டிக் தொழிற்சாலையில் பதினெட்டு வருடமாக வேலை. சோஸ் போத்தல் மூடிகளும் தயிர்க் கிண்ண மூடிகளும் அச்சிலிருந்து சுடச்சுட விழும் இடத்தின் கடைசியில், வெள்ளை விளக்கின் கீழே ஒரு மேசை. அதுதான் அவருடைய இடம். ஒவ்வொரு பெட்டியிலிருந்தும் சில மூடிகளை எடுத்து வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். மூடி திறந்து மூடுகிற மடிப்பை நகத்தால் மடித்து மடித்து விரிப்பார். மயிரிழைக் கீறல் இருந்தாலும் பெட்டி திரும்பிப் போகும். மற்றவர்கள் உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்துப் பார்ப்பதை அவர் வெறுங்கண்ணால் பார்ப்பார். அதில் அவருக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. வெளியே காட்டிக்கொள்ளாத கர்வம்.

அங்கே அச்சு இயந்திரங்களைப் பழுது பார்க்கிறவர் ரெஜான். ஹண்டிங்டன் பக்கம், அமெரிக்க எல்லைக்குக் கிட்ட, தகப்பன் விட்டுப்போன ஒரு காட்டுத்துண்டு அவருக்கு இருந்தது. ஒரு நவம்பரில் ரெஜான் அங்கே மான்வேட்டைக்குக் கூப்பிட, கிருபானந்தன் சும்மா பார்க்கப் போனார். விடியற்காலையில் ஒரு மேப்பிள் மரத்தில் சாய்ந்து நான்கு மணித்தியாலம் யாரும் எதுவும் பேசாமல் இருக்கலாம் என்பது அவருக்குப் பிடித்துப்போயிற்று. அடுத்த வருடம் பயிற்சி எடுத்து, லைசென்ஸ் எடுத்து, ஒரு துவக்கும் வாங்கினார். குழல்வாய் வழியாக வெடிமருந்தும் சன்னம் என்கிற குண்டும் போட்டுக் கம்பியால் இடிக்கிற துவக்கு. அடுத்தடுத்து வெடிக்கிற துவக்குகளின் சத்தம் ஊரில் போதுமான அளவு கேட்டாயிற்று. இது ஒரு வெடி வெடித்தால் மறுபடி ஆற அமர நிரப்ப வேண்டும். அந்தத் தாமதம் அவருக்கு வேண்டியிருந்தது.

விமலநாதன் அதை "இடியன்" என்பார், வன்னியில் பன்றி சுடுகிறவர்கள் வைத்திருக்கும் நாட்டுத்துவக்கின் பேரால். இருவரும் எண்பத்தாறில் ஊரிலிருந்து ஒரே விமானத்தில் இந்த நாட்டுக்கு வந்து இறங்கியவர்கள். கோட்-டெ-நேஜில் ஒரே அறையில் மூன்று குளிர்காலம் ஒன்றாகச் சமைத்துச் சாப்பிட்டவர்கள். விமலநாதனும் பிறகு லைசென்ஸ் எடுத்துக்கொண்டார், கிருபானந்தன் போகிற இடத்துக்கெல்லாம் போக வேண்டும் என்பதற்காகவே.

துவக்கு இருந்ததும் விமலநாதனின் கார்ட்டியர்வில் அப்பார்ட்மெண்டில்தான், பூட்டிய இரும்பு அலுமாரிக்குள். லவாலில் கிருபானந்தனின் வீட்டுக்கு அது வந்ததே இல்லை. அஜந்தா முதல் நாளே சொல்லிவிட்டாள்.

"இஞ்சருங்கோ, கொலைச் சாமான் ஒண்டும் சாமியறை இருக்கிற வீட்டுக்குள்ளை வரக்கூடாது."

"என்ரை வீட்டிலை சாமியும் இல்லை, மனுசியும் இல்லை" என்றார் விமலநாதன். "அங்கை கிடக்கட்டும்."

துவக்கு அங்கே போயிற்று. வெடிமருந்துக் குளிகைகளும் அங்கே போயின. சன்னங்களும் சபோக்களும் இருந்த பெட்டி மட்டும் கிருபானந்தனிடம் நின்றது. அதை அவர் வீட்டுக்குப் பின்னால் இருந்த கபனோவில், புல்வெட்டிக்கும் பனி அள்ளும் சவளுக்கும் மேலே ஒரு தட்டில் வைத்தார். தகரக் கூரை போட்ட சின்னக் கொட்டில் அது. தட்டுக்கு நேரே தெற்குப் பார்த்த ஒரு யன்னல்.

சபோ என்பது குண்டுக்குப் போடுகிற பிளாஸ்டிக் கிண்ணம். துவக்குக் குழலின் விட்டம் சன்னத்தைவிடக் கொஞ்சம் பெரிது. அந்த இடைவெளியை நிரப்புவதற்காகச் சன்னத்தை இந்தக் கிண்ணத்தில் உட்காரவைத்து உள்ளே தள்ளுவார்கள். கிண்ணத்தின் சுவர் நான்கு இதழாகக் கீறப்பட்டிருக்கும். வெடித்ததும் குழலுக்குள் முறுக்காக வெட்டிய தடத்தை இந்தப் பிளாஸ்டிக்தான் பிடித்துக்கொண்டு சன்னத்தைச் சுழற்றும். குழல்வாயைத் தாண்டியதும் நான்கு இதழும் ஒன்றாக விரிந்து கழன்று விழ, சன்னம் தனியே போகும். ஒன்றாக விரிய வேண்டும் என்பதில்தான் காரியம் இருக்கிறது. ஒன்று பிந்தினாலும் சன்னம் தள்ளாடும். மூடப்போகிற ஒரு வேட்டைக்கடையில் 2001இல் கிருபானந்தன் மலிவாகக் கிடைக்கிறதே என்று ஆறு பைக்கற் வாங்கினார். வருடத்துக்கு நாலைந்து வெடி வெடிக்கிற மனிதருக்கு அது சீவியத்துக்கும் போதும்.

மான் விஷயம் நடந்த வருடம் செப்டெம்பரில், வாங்கியவர்களிடமிருந்து ஒரு தட்டு நிறைய மூடிப் பெட்டிகள் தொழிற்சாலைக்குத் திரும்பி வந்தன. மடிப்பில் கீறல். பெட்டிகளில் கிருபானந்தனின் முத்திரை இருந்தது. ஃபோர்மன் ஒன்றும் சொல்லவில்லை. ஆருக்கும் நடக்கும் என்று தோளில் தட்டிவிட்டுப் போனார். கிருபானந்தன் அன்று சாப்பாட்டு நேரத்தில் காருக்குள் தனியே இருந்தார்.

அவருக்கு எட்டு வருடமாகச் சீனி வருத்தம், நீரிழிவு. வருடத்துக்கு ஒருமுறை கண்ணைக் காட்ட வேண்டும் என்று டொக்டர் சொல்லியிருந்தார். முதல் இரண்டு வருடம் காட்டினார். பிறகு போகவில்லை. போகாததற்குக் காரணம் ஒன்றும் இல்லை என்று அவர் சொல்லிக்கொண்டார். காரணம் இருந்தது. போய், அவர்கள் ஏதாவது சொல்லிவிட்டால் வெள்ளை விளக்கின் கீழே இருக்கும் அந்த மேசை போய்விடும். அந்த மேசை இல்லாமல் இந்த நாட்டில் தான் யார் என்று அவருக்குத் தெரியாது.

குசினிச் சுவரில் தமிழ்க்கடைக் கலண்டர் தொங்கியது. அஜந்தா குளிக்கப் போகும் நேரம் பார்த்து, மேசையடியில் நின்று, இடக்கண்ணைப் பொத்திக்கொண்டு ராகுகாலத்தை வாசிக்க முயன்றார். எழுத்துகள் தண்ணீருக்கடியில் கிடப்பதுபோல் தெரிந்தன. வலக்கண்ணைப் பொத்தினார். ஏழரை முதல் ஒன்பது வரை. தெளிவாக இருந்தது. லைட் காணாது என்று நினைத்துக்கொண்டார். அடுத்த நாள் லைட்டை மாற்றினார்.

நவம்பர் முதல் வாரத்தில், ரெஜானின் காட்டில், எண்பது மீட்டர் தூரத்தில் ஒரு ஆண்மான் குறுக்கே வந்து நின்றது. காற்று இல்லை. கிருபானந்தன் மரக்கிளையில் துவக்கை ஊன்றி, மூச்சை நிறுத்தி, முன்னங்காலுக்குப் பின்னால் குறிவைத்துச் சுட்டார். புகை விலகியபோது மான் முதுகை வளைத்துக்கொண்டு ஓடியது. முதுகு வளைந்தால் வயிற்றில் பட்டிருக்கிறது என்று அர்த்தம். ரெஜான் வந்து இரத்தத்தைப் பார்த்தார். சிவப்போடு பச்சையும் கலந்திருந்தது. தொப்பியைக் கழற்றி மறுபடி போட்டுக்கொண்டார்.

விமலநாதனையும் சேர்த்து மூவரும் ஐந்து மணித்தியாலம் தேடினார்கள். உலர்ந்த இலைகளில் இங்கொரு துளி, அங்கொரு துளி. சதுப்பின் மெல்லிய பனிக்கட்டியில் குளம்பு உடைத்த இரண்டு ஓட்டைகள். அதற்கப்பால் அயலவரின் சோள வயல். வயலில் ஒன்றுமே இல்லை. வெளிச்சம் போய்விட்டது.

திரும்பி ட்ரக்கடிக்கு வந்ததும் ரெஜான் தன் பிரெஞ்சில் மெதுவாக, கிருபானந்தனுக்கு விளங்க வேண்டும் என்று ஒவ்வொரு சொல்லாகச் சொன்னார்.

"கிருபா, நீ என் சிநேகிதன். ஆனால் இது என் அப்பாவின் காடு. நாங்கள் சுட்டுப் பழகும் மணல் பள்ளத்துக்கு வா. எண்பது மீட்டரில் ஒரு கடதாசிச் சாப்பாட்டுப் பீங்கானுக்குள் மூன்று வெடி வை. பிறகு வேட்டைக்கு வா."

"சரி" என்றார் கிருபானந்தன்.

அன்று வீட்டுக்குள் வந்தபோது அஜந்தா கேட்டது ஒரே கேள்வி.

"செத்துதோ?"

"இல்லை."

"அப்ப?"

"காயத்தோடை ஓடிப்போட்டுது."

அவள் சாமியறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வெகுநேரம் வரவில்லை. வந்ததும், "உங்கடை கண்ணை ஒருக்காக் காட்டுங்கோ" என்றாள். அவள் கலண்டரடியில் அவரைக் கண்டிருக்கிறாள் என்பது அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

"கண்ணுக்கு ஒண்டும் இல்லை."

"ஒண்டும் இல்லையெண்டு டொக்டர் சொல்லட்டும்."

"பேந்து பாப்பம்."

கந்தசட்டி தொடங்கியது. அஜந்தா ஆறு நாளும் பாலும் பழமும். கிருபானந்தன் மச்சமாமிசம் சாப்பிடாமல், துவக்கைப் பற்றிக் கதைக்காமல் இருந்தார். பாறணை முடிந்து வந்த சனிக்கிழமை மணல் பள்ளத்துக்குப் போவதென்று ஏற்பாடு. அந்த ஆறு நாளும் அவர் மனதுக்குள் ஒரே ஒரு கணக்குத்தான். பீங்கானுக்குள் மூன்று வெடி விழுந்தால் கண் இருக்கிறது. விழாவிட்டால் கண் இல்லை. கண் இல்லையென்றால் திங்கட்கிழமை ஃபோர்மனிடம் போய்த் தானே சொல்லிவிட வேண்டும். இன்னொரு தட்டு மூடி திரும்பி வரும்வரை காத்திருக்கக்கூடாது.

சனிக்கிழமை காலை கபனோவிலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். இரவு கொஞ்சம் பனி கொட்டியிருந்தது, புல் மறையும் அளவுக்கு. ரெஜான் ஏற்கெனவே மேசை போட்டு, அதன்மேல் மணல்பை வைத்து, எதிர்க்கரையில் பெரிய அட்டை ஒன்றில் பீங்கானைக் குத்தி வைத்திருந்தார்.

கிருபானந்தன் இரண்டு மருந்துக் குளிகைகளைக் குழலில் போட்டார். சபோவில் சன்னத்தை உட்காரவைத்து, கம்பியால் இடித்தார். அது சுலபமாக இறங்கியது. இரண்டு மூன்று வருடமாகவே அப்படித்தான்; துவக்கு நன்றாகப் பழகிவிட்டது என்று அவர் சந்தோசப்பட்டிருக்கிறார். பின்னால் மருந்தைப் பற்றவைக்கும் கேப் ஒன்றைச் செருகி, மணல்பையில் ஊன்றி, துவக்கின் தூரக்கண்ணாடிக்குள் வலக்கண்ணால் பீங்கானைப் பார்த்தார். வெள்ளை அட்டையில் வெள்ளைப் பீங்கான், ஓரம் கொஞ்சம் கரைந்திருந்தது. சுட்டார்.

முதல் வெடி பீங்கானுக்கு ஒரு சாண் இடப்பக்கம். குழலை ஈரத்துணியால் துடைத்தார். இரண்டாவது பீங்கானின் கீழ் ஓரம். மூன்றாவது அட்டையிலேயே இல்லை. நான்காவது மேலே, வலப்பக்கம். ஐந்தாவதும் அட்டையில் இல்லை.

ரெஜான் தூரக்கண்ணாடியை இறக்கிவிட்டுச் சப்பாத்தால் பனியைக் கிளறிக்கொண்டிருந்தார். கிருபானந்தன் துவக்கை மேசையில் வைத்துவிட்டு எழும்பினார். கையில் நடுக்கம் இல்லை. அதைக் கவனித்தபோது அவருக்கு இன்னும் மோசமாக இருந்தது.

"விமல்."

"ஓம்."

"என்ரை கண் போச்சுதடா."

"விசர்க்கதை கதையாதை. காலமை மெர்சியே பாலத்திலை பொலிஸ்காரன் நிண்டதை என்னைவிட முதல் கண்டது ஆர்?"

"அது இடக்கண்."

"ஓகோ. பொலிசுக்கு ஒரு கண், மானுக்கு ஒரு கண்ணோ?"

"பகிடி விடாதை. ரெண்டு மாசமா எனக்குத் தெரியும். கலண்டர் தெரியேல்லை. செப்டெம்பரிலை ஒரு தட்டு மூடி திரும்பி வந்தது. திங்கக்கிழமை ஃபோர்மனிட்டைச் சொல்லப்போறன்."

விமலநாதன் சிரிப்பை நிறுத்தினார். பிறகு கையுறையைக் கழற்றினார்.

"தள்ளு. நான் ஒருக்கா அடிச்சுப் பாக்கிறன்."

விமலநாதன் எதையும் கேலியாகவே பேசுகிறவர். ஆனால் துவக்கைத் தொட்டால் வேறு ஆள். மூன்று வெடி. ஒவ்வொன்றுக்கும் ஐந்து நிமிடம் எடுத்தார். ஒன்று பீங்கானில். ஒன்று அட்டையின் மேல் மூலையில். ஒன்று எங்கே போனதென்று தெரியவில்லை.

"தபர்னாக்" என்று கெட்டவார்த்தையில் வைதார் ரெஜான்.

"அப்ப எனக்கும் கண் போச்சோ?" விமலநாதன் எழும்பி நின்று கேட்டார். "ரெண்டு பேரும் ஒரே நாளிலை குருடாப் போனமோ மச்சான்?"

அட்டையைப் பார்க்க நடக்கத் தொடங்கிய கிருபானந்தன், மேசையிலிருந்து பதினைந்து இருபது அடி தாண்டியதும் நின்றுவிட்டார். வெள்ளைப் பனியில் அங்கங்கே கறுப்பாகச் சிதறிக் கிடந்தன, வெடித்து விழுந்த சபோக்கள். குனிந்து ஒன்றை எடுத்தார். மூன்று இதழ்தான் இருந்தது. அடுத்ததில் இரண்டு. ஒன்றின் அடிப்பாகமே பிளந்திருந்தது. முழந்தாளில் இருந்துகொண்டு, பனியை விரலால் விலக்கி விலக்கி எல்லாவற்றையும் பொறுக்கினார். எட்டு வெடிக்கு நான்கு இதழோடும் கிடந்தவை இரண்டே இரண்டு. மற்றவை எல்லாம் உடைந்தவை. உடைந்த ஓரம் கண்ணாடி உடைந்தது போலக் கூராக இருந்தது. இழுபட்டு உடைகிற நல்ல பிளாஸ்டிக் அப்படி உடையாது.

மேசைக்குத் திரும்பி வந்து பைக்கற்றிலிருந்து வெடிக்காத சபோ ஒன்றை எடுத்தார். வெளிச்சத்துக்கு நேரே பிடித்தார். மேலே சாம்பல் பூத்தது போல ஒரு படலம். இதழ் ஒன்றில் கட்டைவிரல் நகத்தை வைத்து, மூடிகளை மடிப்பது போல மடித்தார்.

டிக் என்று முறிந்து மேசையில் விழுந்தது.

இன்னொன்றை எடுத்தார். டிக். இன்னொன்று. நான்காவதை மடிக்காமல் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

"இதை எங்கே வைத்திருந்தாய்?" என்று கேட்டார் ரெஜான்.

"கபனோவில்."

"எத்தனை நாள்?"

"ஆறு வருடம்."

ரெஜான் அந்தத் துண்டுகளைப் பார்த்தார், கிருபானந்தனைப் பார்த்தார். "கிருபா, 2003இல் முற்றத்தில் வெயிலில் கிடந்தது என்று இருபது மூட்டை பிளாஸ்டிக் ரெசினைத் திருப்பி அனுப்பினது நீதானே? அந்த மேலாளர் அழாத குறை."

"நான்தான்."

ஆறு கோடை, அந்தத் தகரத்தின் கீழே தோசைக்கல்லின் சூடு. ஆறு குளிர்காலம், மைனஸ் முப்பது. யன்னலால் விழுந்த வெயில். தொழிற்சாலையில் யாராவது அப்படி ஒரு மூட்டையைக் கொண்டுவந்து வைத்திருந்தால் கிருபானந்தன் பேரைச் சொல்லியே ஏசியிருப்பார். சுலபமாக இறங்குகிறது என்று சந்தோசப்பட்டதும் ஞாபகம் வந்தது. பிளாஸ்டிக் சுருங்கி, வில்லுத்தன்மை செத்துப்போனால் சுலபமாக இறங்காமல் வேறென்ன செய்யும்.

ரெஜான் ட்ரக்கிலிருந்து அந்த ஒக்டோபரில் வாங்கிய புதுப் பைக்கற் ஒன்றைக் கொண்டுவந்தார்; அட்டையில் பீங்கானையும் மாற்றிக் குத்தினார். அந்தச் சபோவின் இதழைக் கிருபானந்தன் பின்பக்கமாக மடித்தார். அது மடிந்து, விட்டதும் தன் இடத்துக்குத் திரும்பியது. குழலில் இறக்கும்போது கம்பியை உடம்பின் பாரம் முழுவதும் போட்டு அழுத்த வேண்டியிருந்தது.

மூன்று வெடி. மூன்றும் பீங்கானுக்குள்.

"நல்லது!" என்று ரெஜான் கை தட்டினார். "முடிந்தது. அடுத்த சனி காட்டுக்கு வா."

"கண் போச்சாம் கண்" என்று விமலநாதன் கிருபானந்தனின் முதுகில் ஓங்கி ஒன்று வைத்தார். "ஃபோர்மனிட்டைப் போய்ச் சொல்லப்போறாராம். விசரன்! ரெண்டு மாசமா இதை வயித்துக்குள்ளை வைச்சுக்கொண்டு திரிஞ்சிருக்கிறாய்."

கிருபானந்தனும் சிரித்தார். இரண்டு மாதத்தில் முதல்முறையாக வயிறு பசித்தது.

"நானும் மூண்டு அடிச்சிட்டு வாறன், பொறு" என்றார் விமலநாதன். "என்ரை மானமும் போகுதெல்லே."

அவர் புதுச் சபோக்களோடு மூன்று வெடி வைத்தார். எல்லோரும் நடந்துபோய் அட்டையைப் பார்த்தார்கள். விமலநாதனுக்கென்று குத்திவைத்த இரண்டாவது பீங்கானில் மூன்று ஓட்டையும் ஒன்றுக்கொன்று கிட்டக்கிட்ட இருந்தன. ரெஜான் இரண்டு பீங்கானையும் கழற்றி, "இருவரும் பாஸ்" என்று சொல்லிக் கிருபானந்தனின் கையில் கொடுத்துவிட்டு, மேசையை மடிக்கப் போனார்.

கிருபானந்தன் பொக்கற்றிலிருந்து வேலைக்குக் கொண்டுபோகும் சின்ன இரும்பு அளவுகோலை எடுத்தார். விமலநாதனின் மூன்று ஓட்டைகளும் பரவியிருந்தது ஐந்து சென்ரிமீற்றர். தன்னுடையதை அளந்தார். பதினைந்து. மறுபடி அளந்தார்.

விமலநாதன் அவருடைய கையைப் பார்த்தார். "என்ன அளக்கிறாய்? பீங்கானுக்குள்ளை விழுந்துதோ இல்லையோ?"

"விழுந்துது."

"அது காணுமெல்லே?"

கிருபானந்தன் கோலைப் பொக்கற்றுக்குள் வைத்தார்.

திரும்பி வரும்போது விமலநாதன்தான் கார் ஓட்டினார். ஒர்ம்ஸ்டவுன் தாண்டி, ஷாட்டகே தாண்டி, மெர்சியே பாலத்தின் வாகன நெரிசலில் வந்து நின்றார்கள். விமலநாதன் ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். கீழே ஆறு இரும்பு நிறத்தில் ஓடியது.

"மச்சான்," என்றார் கிருபானந்தன், "தொழிற்சாலையிலை ஒரு மூடி வெடிச்சால் காரணம் தேடுவம். ஒண்டு கிடைக்கும். அச்சிலை சூடு கூடிப்போச்சு, அப்பிடி ஏதாவது. கிடைச்ச உடனை எல்லாருக்கும் சந்தோசம். மெசினைத் திருத்தி ஓட விடுவினம். ரெண்டு கிழமையாலை அதே வெடிப்பு திரும்ப வரும்."

"ஏன்?"

"ரெண்டாவது காரணமும் இருந்திருக்கும். முதலாவது கிடைச்ச சந்தோசப் புழுகத்திலை ஒருத்தரும் தேடியிருக்க மாட்டினம்."

விமலநாதன் தாளம் போடுவதை நிறுத்தினார்.

"ஒரே துவக்கு," என்றார் கிருபானந்தன். "ஒரே சபோ, ஒரே மேசை, ஒரே நேரம். உனக்கு அஞ்சு. எனக்குப் பதினைஞ்சு."

"நான் கெட்டிக்காரனாக்கும்."

"போன வருசம் நீ ஆறு. நான் அஞ்சு. பழைய சபோ அப்ப ஓரளவு நல்லாயிருந்தது."

முன்னால் நின்ற லொறி நகர்ந்தது. விமலநாதன் நகரவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள். "உனக்கு நல்ல சேதி ஒண்டு வந்தால் அதை வைச்சு அனுபவிக்கத் தெரியாது கிருபா" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்தார். பாலத்தைத் தாண்டி இறங்கும்போது, இடப்பக்கம் பார்த்தபடி, "எப்ப கண்ணைக் காட்டப் போறாய்? நான் கூட்டிக்கொண்டு போறன்" என்றார்.

வீட்டில் அஜந்தா குசினியில் இருந்தாள். கிருபானந்தன் உடைந்த சபோத் துண்டுகளை ஒரு கிண்ணத்தில் போட்டு அவள் முன்னால் வைத்து, நடந்ததைச் சொன்னார். அவள் ஒரு துண்டை எடுத்து விரலால் அழுத்திப் பார்த்தாள்.

"நான் சொல்லித்தானே வெளியிலை வைச்சனீங்கள்."

"வீட்டுக்குள்ளை வேண்டாமெண்டுதான் நீர் சொன்னீர். துவக்கும் மருந்தும் விமலன் வீட்டுக்குப் போனது. இதையும் குடுத்துவிட்டிருக்கலாம். வெயிலுக்குள்ளை வைச்சது நான். பிளாஸ்டிக்கைப் பற்றி உமக்குத் தெரியவேண்டியதில்லை. எனக்குத் தெரியும்."

"அப்ப அந்த மான் இதாலையோ?"

"இதாலையும் இருக்கலாம். கண்ணாலையும் இருக்கலாம். இனிப் பிரிச்சுச் சொல்ல ஏலாது."

அவள் கிண்ணத்தைத் தள்ளி வைத்தாள். கண்ணாலை என்றால் பாவமில்லை, வருத்தத்தை யார் என்ன செய்ய முடியும் என்று இத்தனை நாளும் தான் நினைத்துக்கொண்டிருந்ததாக அவள் பிறகு ஒருமுறை சொன்னாள். அன்று அதைச் சொல்லவில்லை. "தேத்தண்ணி குடிக்கிறியளோ?" என்று கேட்டாள்.

"ஓம். திங்கக்கிழமை கிளினிக்குக்கு ஒருக்கா ஃபோன் பண்ணும். உம்மடை பிரெஞ்சு என்ரையைவிட நல்லம்."

"வேலைக்கு?"

"ஃபோர்மனிட்டை நான் காலமையே கதைக்கிறன். கண்ணைப் பாக்கும்வரை அந்த மேசையிலை வேறை ஆள் இருக்கட்டும்."

அஜந்தா கேத்திலை அடுப்பில் வைத்தாள்.

வலக்கண்ணின் விழித்திரையில் இரத்தக்குழாய்கள் கசிந்திருந்தன. டிசம்பரிலும் பெப்ரவரியிலும் லேசர் போட்டார்கள். போனது முழுவதும் திரும்பவில்லை. மேலும் போகாமல் நின்றது. இன்னும் ஒரு வருடம் பிந்தியிருந்தால் நின்றிருக்காது என்று டொக்டர் சொன்னார். கிருபானந்தன் சோதனை மேசைக்குத் திரும்பவில்லை. பொதி கட்டும் பகுதியில் இரண்டு வருடம் வேலை செய்தார். 2009இல் தொழிற்சாலையை மூடியபோது மற்றவர்களோடு சேர்ந்து வெளியே வந்து, லவாலில் ஒரு பாடசாலையில் துப்புரவு வேலைக்குச் சேர்ந்தார். துவக்கை விமலநாதனின் பேருக்கு முறைப்படி மாற்றிக்கொடுத்தார். அடுத்த இரண்டு நவம்பரும் காட்டுக்குக் கூடவே போய் மரத்தில் சாய்ந்திருந்தார், சுடவில்லை. விமலநாதன் பிறகு ஸ்காபரோவில் தமக்கையோடு போய் இருந்துகொண்டார். ரெஜான் இளைப்பாறி, காட்டை மருமகனுக்கு எழுதிவிட்டார். அஜந்தா ஒரு கார்டெரியில், சிறுபிள்ளைக் காப்பகத்தில், பிள்ளைகளைப் பார்க்கிறாள். கணவருடைய கண் பரிசோதனைத் திகதிகளை அவளே குறித்து வைக்கிறாள். அந்த மான் கிடைக்கவில்லை.